செட்டித் தெருவில் மூன்று இரவு

முதல் நாள், வியாழன்

சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள் என்பதால்தான் இந்த ஓட்டல். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏதோ பெரிய ஆளாகிவிட்டேன் என்று ஊரில் பேச்சு கிளம்பிவிடும். சிங்கப்பூரில், பொங்கோலில் மகளின் வீவக வீட்டில் (அரசு கட்டிய அடுக்குமாடி) இரண்டே படுக்கையறை. மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குக் கிளம்புகிறார்கள். "மூணு நாளைக்கு டவுன்ல ஒரு புது ஓட்டல்ல இருங்க அப்பச்சி. திறந்து ஒரு மாசம்கூட ஆகலை. எங்க ஆபீஸ் மூலமா போனா பாதி விலை" என்றாள். (எங்கள் பக்கம் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம்.) பாதி விலை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். முழு விலையைக் கேட்கவில்லை.

ஓட்டலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், புதுக்கடை, பிழைத்துப் போகட்டும். ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம் என்பது போதும். மகள் அனுப்பிய வரைபடத்தில் பக்கத்துத் தெருவின் பெயரைப் பார்த்ததும்தான் எனக்கு இந்தப் பயணத்தில் ஒரு பிடிப்பு வந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட். எங்கள் அப்பத்தா கடைசிவரை அதை அப்படிச் சொன்னதில்லை. "உங்க ஐயா சிங்கப்பூர்ல செட்டித் தெருவுல கிட்டங்கியில இருந்தாக" என்றுதான் சொல்வாள்.

ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பச்சி, நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு வழியாக இங்கே வந்து இறங்க ஒரு வாரம் ஆகும் என்பார்கள். எங்களுக்குச் சென்னையிலிருந்து நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாங்கியில் கடவுச்சீட்டில் முத்திரைகூடக் குத்தவில்லை, எல்லாம் மின்னஞ்சலில் வந்துவிடுமாம். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. (ஊரே அவளை ஆச்சி என்று கூப்பிடுவதால் நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.) "வந்ததுக்கு ஒரு அடையாளம் வேணாமா?" என்றாள்.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் இரண்டு வாசனை. ஒன்று எலுமிச்சைப் புல் மாதிரி ஏதோ, அவர்களாக ஊதி விடுவது. அதற்கு அடியில், கிரகப்பிரவேச வீட்டில் வருமே, பெயின்டும் வார்னிஷும் கலந்த நெடி. ஆச்சி மூக்கை உறிஞ்சிவிட்டு, "பால் காய்ச்சி நாளாகலை போல" என்றாள்.

வரவேற்பில் இருந்த பெண் எங்கள் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "வணக்கம். உங்கள் பயணம் இனிதாக அமைந்ததா? உங்கள் அறை மூன்று மணிக்குத் தயாராகிவிடும்." வானொலியில் செய்தி கேட்பது போல இருந்தது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படித்த தமிழ். இரண்டு நிமிடத்தில் அது "அங்கிள், இங்க ஒரு சைன் போடுங்க" என்று இறங்கி வந்துவிட்டது. இதுதான் கேட்க நன்றாக இருந்தது. கடன் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்துவைத்தார்கள், செலவு ஏதும் இல்லையென்றால் விட்டுவிடுவார்களாம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் பணத்தைப் பிடித்துவைப்பது எனக்குப் பழக்கம், என் பணத்தை ஒருவர் பிடித்துவைக்கும்போது வயிற்றில் லேசாக ஏதோ செய்கிறது.

காத்திருந்த இடத்துக்கு எதிரே, சுவரோரம், ஒரு சின்ன மேடை. மேலே தனியாக ஒரு விளக்கு. மேடையில் ஒரு கணக்குப் பெட்டி.

தேக்குதான். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த சாய்வு மூடி, மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை, சாவித் துவாரத்தைச் சுற்றி வெற்றிலை வடிவத்தில் ஒரு தகடு. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால் சரியாக மார்புக்கு வரும். தேவகோட்டையில் எங்கள் பங்கு வீட்டு இரண்டாம் கட்டில் இதே போல ஒன்று கிடக்கிறது. அதன் மேல்தான் நான் வீட்டுக் கணக்குப் போட்டுப் பழகினேன். இங்கே அதன் மேல் ஒரு ஆர்க்கிட் பூந்தொட்டி. சாய்வில் நிற்காது என்று தொட்டிக்கு அடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு அட்டை. தமிழில் சொன்னால், 'பழங்காலத் தேநீர் மேசை'.

சாய்வான மேசையில் தேநீர் வைத்தால் அது மடியில்தான் வந்து விழும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அறை 19-ஆம் மாடியில். நல்ல அறை, பொய் சொல்லக் கூடாது. மெத்தை, துணிகள், குளியலறைக் கல் எல்லாமே உசத்தி. ஆனால் சுவிட்ச் கிடையாது. விளக்கு, திரை, குளிர்சாதனம் எல்லாம் தலைமாட்டில் உள்ள ஒரு கண்ணாடிப் பலகையில். 'எல்லாவற்றையும் அணை' என்று அதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் எல்லாம் அணைகிறது, அந்தப் பலகையைத் தவிர. அது நீலமாக இரவு முழுக்க எரிகிறது. கைத்துண்டைப் போட்டு மூடினேன்.

தமிழ்ச் சமூகத்துக்கு அவசியமான தகவல்: கழிவறையில் தண்ணீர் வசதி உண்டு. சுடுதண்ணீராகவே வருகிறது. ஆச்சி கொண்டுவந்த பிளாஸ்டிக் குவளைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

நம் ஊர் உருண்டை முள் இங்கே சுவரில் நுழையாது, சதுர முள் மூன்று வேண்டும். தொலைபேசியில் ஒரு பிளக் மாற்றி (அடாப்டர்) கேட்டேன். பத்து நிமிடத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஆள் இல்லை, இடுப்பு உயரத்துக்கு ஒரு ரோபோ. வயிற்றைத் திறந்து மாற்றியைக் காட்டியது. எடுத்துக்கொண்டதும் ஏதோ நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியது. தாழ்வாரத்தின் புதுக் கம்பளம் ஓரத்தில் இன்னும் படியவில்லை போல, அந்த மடிப்பில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னால் போகிறது, பின்னால் வருகிறது. ஆச்சி போய் ஒரு கையால் தூக்கிவிட்டாள். "பாவம், புதுசா வேலைக்கு வந்திருக்கு."

சாயங்காலம் தெலுக் ஆயர் தெரு வரை நடந்தோம். இந்தத் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. அப்புறம் கடலைத் தூர்த்து, தூர்த்த மண்ணில்தான் இன்றைய வானளாவிகள் நிற்கின்றன. 1828-இல் கட்டத் தொடங்கிய நாகூர் தர்காவும், நம் ஆட்கள் குச்சுப் பள்ளி என்று பெயர் வைத்த மசூதியும் இன்னும் அதே வரிசையில் இருக்கின்றன. கப்பலை விட்டு இறங்கிய தமிழன் கடலைப் பார்த்தபடியே நன்றி சொல்ல வேண்டும் என்று கட்டியவை. இப்போது எதிரே பார்த்தால் அலுவலகக் கட்டடங்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி

ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து, விளக்கு என்று நினைத்து எதையோ அழுத்தினேன். திரை விலகத் தொடங்கியது. நிறுத்தத் தெரியவில்லை. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, முழுத் திரையும் விலகி, எதிர்க் கட்டடத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரும் வேட்டி பனியனில் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

காலை உணவு ஒரு கல்யாணப் பந்திக்குச் சமம். காயா என்ற தேங்காய் ஜாம் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, லக்சா நூடுல்ஸ், அரிசிக் கஞ்சி, பத்து வகைப் பாலாடைக்கட்டி. இட்லி இல்லை. ஆனால் மூலையில் ஒரு கல்லில் புரோட்டா. போட்டுக்கொண்டிருந்தவர் மாவை விசிறிய விதத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

"தம்பிக்கு ஊரு?"

"பட்டுக்கோட்டைங்கய்யா. நீங்க?"

"தேவகோட்டை."

"அப்ப ஆச்சிக்கு இந்தப் பருப்புக் குழம்பு பத்தாதே" என்று சிரித்தார். பணியாளர் சாப்பாட்டில் சாம்பார் இருக்கிறதாம். கொண்டுவந்து தரலாமா என்றால் கூடாதாம். விருந்தாளிக்கு அங்கிருந்து எதையும் எடுத்துத் தரக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊராக இருந்தால் ஒரு கிண்ணத்தில் மறைத்து வந்திருக்கும். அவர் கொண்டுவரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "தேக்காவுக்குப் போயிருங்கய்யா" என்று மட்டும் சொன்னார். தேக்கா என்றால் லிட்டில் இந்தியா.

பிறகு செட்டித் தெரு. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு அண்ணன் மகன், "கிட்டங்கின்னா என்ன சித்தப்பா, குடோனா?" என்று கேட்டான். சொல் அதுதான். ஆனால் இங்கே சரக்கு, பணம். நீளமாக ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாக இடம் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாய், ஒரு கணக்குப் பெட்டி, பின்னால் பேரேடு வைக்க ஓர் அலமாரி. ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒரு கடை, அதாவது ஓர் ஆள். பகலில் அந்தப் பாயில் உட்கார்ந்து கடன் கொடுப்பார். இரவில் அதே பாயில் படுத்துக்கொள்வார். சமையலுக்குப் பொதுவாக ஓர் ஆள். மூன்று வருடம் இப்படி. பிறகு ஊருக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டு மறுபடியும் கப்பல். எங்கள் அப்பச்சிக்கும் அத்தைக்கும் வயது வித்தியாசம் ஏன் ஐந்து வருடம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எங்கள் ஓட்டல் அறை 38 சதுர மீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சதுர அடியில் 409. ஆறுக்கு மூன்று பாய் ஒன்று 18 சதுர அடி. கட்டிலையும் சோபாவையும் தூக்கி வெளியே போட்டால் 22 பாய் விரிக்கலாம், நடக்க வழி இருக்காது அவ்வளவுதான். நடுராத்திரி விழித்திருந்தபோது போட்ட கணக்கு இது.

கிட்டங்கிகளை 1970களில் நகரச் சீரமைப்பில் இடித்துவிட்டார்கள். ஐயா இருந்தது எத்தனையாம் எண் என்று அப்பச்சிக்கே தெரியாது. தெருவின் ஒரு பக்கம் இருந்த பல மாடிக் கார் நிறுத்துமிடமும் போய், 2021-இல் முடிந்த கேப்பிட்டாஸ்பிரிங் என்ற 280 மீட்டர் கட்டடம் அங்கே நிற்கிறது. நடு மாடிகளில் வெளிச்சுவரைத் திறந்துவிட்டு மரம் வளர்த்திருக்கிறார்கள். கீழே இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடி. மதியம் கோட்டு போட்டவர்கள் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசைக்குப் போகிறார்கள். யாரும் அதை எடுப்பதில்லை. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம் வழக்கத்துக்கு இங்கே இவ்வளவு மதிப்பா என்று ஆச்சி ஆச்சரியப்பட்டாள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், அதற்குச் சட்டமே இருக்கிறது.

51-ஆம் மாடியில் தோட்டம். காசு கிடையாது. ஆனால் சனி ஞாயிறு திறப்பதில்லை, அதனால் இன்றே போனோம். கத்தரி, கறிவேப்பிலை, மூலிகை என்று பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். ஆச்சி செடிகளைப் பார்த்தாள், நான் கீழே பார்த்தேன். தெரு ஒரு கோடு போலத் தெரிந்தது. ஐயா உட்கார்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்ததை அங்கேதான் ஒப்புக்கொண்டேன். "என்னங்க, இங்க நின்னு பார்த்தா உங்க ஐயா தெரிவாகளா?" என்றாள் ஆச்சி. தெரியவில்லை.

திரும்பி வந்தால் வரவேற்புப் பெண் எழுந்து வந்தாள். மேலாளரிடம் சொன்னாளாம், பெட்டியைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். பூந்தொட்டியை எடுத்தோம். பூட்டு வேலை செய்யவில்லை, மூடி தானாகவே திறந்தது. உள்ளே இடப்பக்கம் மைக்கூட்டுக்கும் எழுதுகோலுக்கும் சின்ன அறைகள், நடுவில் காகிதம் வைக்கும் இடம். மூடியின் உட்பக்கத்தில் ஒரு சாமி படத்தை ஒட்டிக் கிழித்த தடம், சதுரமாக.

"இப்பப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு மைக்கூட்டு அறையின் அடிப்பலகையை வலப்பக்கமாகத் தள்ளினேன். முதலில் வரவில்லை. விரலை நனைத்துக்கொண்டு மறுபடி தள்ளினேன், நகர்ந்தது. பின்னால் கள்ள அறை. தேவகோட்டைப் பெட்டியிலும் இதே இடத்தில்தான். மேலாளர் வாய்விட்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு பொட்டலம். ஈரம் உறிஞ்ச வைப்பார்களே, 'உண்ணாதீர்கள்' என்று எழுதி, அந்த வெள்ளைப் பொட்டலம். யாரோ பழுதுபார்த்தவர் என்னைப் போலவே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

எல்லோரும் சிரித்து முடித்தபின் அவள் கேட்டாள். "இதுல என்ன அங்கிள் வைப்பாங்க?"

"முக்கியமான புரோநோட்டு. கடன் பத்திரம்."

"எங்க கொள்ளுத்தாத்தா முனிசிபாலிட்டியில வேலை பார்த்தாரு. பொண்ணு கல்யாணத்துக்குச் செட்டியார்கிட்ட கடன் வாங்கின கதையைத் தாத்தா இப்பவும் சொல்வாரு. மாசச் சம்பளம் வந்ததும் முதல்ல இங்கதான் வருவாராம்." கள்ள அறையை மறுபடி எட்டிப் பார்த்தாள். "அவரோட நோட்டும் இந்த மாதிரி ஒண்ணுலதான் இருந்திருக்குமா?"

இருந்திருக்கும் என்றேன். வட்டி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஐயாவைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாம் அவர் பட்ட கஷ்டம்தான். பாய், கப்பல், ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருடம் கடிதமே வராதது, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஒரே நாளில் குப்பையானது. பெட்டிக்கு எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கதை எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. இன்றுதான் ஒன்று கேட்டேன், அதுவும் அவர்கள் ஆள் சொல்லி.

மூன்றாம் நாள், சனி

இன்று சுருக்கமாக. கால் வலி.

தெலுக் ஆயரில் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஃபோர்ட் கேனிங். அங்கிருந்து நடந்தால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) 1859-இல் கட்டியது, இப்போதைய கட்டடம் 1983-இல் எழுந்தது. தைப்பூசத்துக்குக் காவடிகள் வந்து சேருவது இங்கேதான். முருகனுக்கு முன்னால் நின்றபோது நேற்றைய பேச்சு மறுபடி நினைவுக்கு வந்தது. கடைக் கணக்கில் லாபத்தோடு சேர்த்து சாமிக்கும் ஒரு பங்கு எழுதிவைப்பது எங்கள் வழக்கம், அப்படிச் சேர்ந்த பணத்தில் எழுந்த கோயில்கள் இவை. அந்த முனிசிபாலிட்டிக்காரரின் வட்டியிலும் இதில் ஒரு செங்கல் இருக்கும்.

பட்டுக்கோட்டைக்காரர் சொன்னபடி தேக்கா. இட்லி, சாம்பார், ஆச்சி முகத்தில் வெளிச்சம். ரயிலில் தமிழில் அறிவிப்பு கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டிக்கொள்கிறாள், அவளிடமே சொன்னது போல.

ஓட்டல் நீச்சல் குளம் ஏழாம் மாடியில். விளிம்பில் தண்ணீர் வழிந்து ஆகாயத்தோடு சேர்வது போலக் கட்டியிருக்கிறார்கள். அழகு. நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்பதால் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தோம். குளத்தின் ஒரு மூலையில் ஓடு பெயர்ந்து மஞ்சள் நாடா கட்டியிருந்தது. திறந்து ஒரு மாதத்தில் ஓடு பெயர்வது கொஞ்சம் அதிகம்தான்.

நான்காம் நாள், ஞாயிறு

ரசீது வந்தது. அறைக்குத்தான் பாதி விலை, சாப்பாட்டுக்கு இல்லை. முந்தாநாள் ராத்திரி ஆச்சி கேட்ட ஒரு தக்காளி சூப்புக்கு விலைப் பட்டியலில் ஒரு தொகை, அதன் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி. அந்தக் குறிகளை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். முதல் குறி 10 சதவீதச் சேவைக் கட்டணம். இரண்டாவது 9 சதவீத ஜிஎஸ்டி, அது சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின் மேல். ஆக 100 வெள்ளி (இங்கே டாலருக்கு அதுதான் பெயர்) என்றால் கடைசியில் 119 வெள்ளி 90 காசு. வட்டிக்கு வட்டி போடும் முறை எங்களுக்குத் தெரியாததா. கணக்கு சரியாகவே இருந்தது, வாயை மூடிக்கொண்டு கட்டினேன். பிடித்துவைத்த தொகையை விடுவிக்க ஒரு வாரம் ஆகுமாம்.

பெட்டியின் மேல் பூந்தொட்டி இல்லை. கீழே தரைக்கு இறக்கிவிட்டார்கள். பழைய அட்டையும் இல்லை, ஒட்டிய பசையின் தடம் மட்டும் இருந்தது. அந்தப் பெண் பலகையைத் தட்டியபடி, "புது அட்டை அடிக்கணும் அங்கிள், என்ன பேர் போடலாம்? கடன் கொடுக்கிற மேசைன்னு போடட்டுமா?" என்றாள்.

நான் யோசித்தேன். கொஞ்சம் அதிக நேரமே யோசித்துவிட்டேன் போல.

"கணக்குப் பெட்டின்னு தமிழ்லயே போடும்மா" என்றாள் ஆச்சி. "கீழே இங்கிலீஷ்ல நீ சொன்னதைப் போட்டுக்க." அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். 'க்'குக்குப் புள்ளி உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன்.

டாக்சியில் ஏறிப் பாதி வழி வந்தபின், மகள் வீட்டுக்குப் போகிற ஞாபகத்தில் பைகளை எண்ணிக்கொண்டிருந்த ஆச்சி சட்டென்று திரும்பினாள்.

"ஏங்க, அந்தப் புள்ளையோட கொள்ளுத்தாத்தா கடனைக் கட்டி முடிச்சாராமா?"

கேட்கவில்லை என்றேன்.